மறைக்கப்பட்டோரும் மறவாத படங்களும்

1961ஆம் ஆண்டு மே மாதத்தில், கருங்கடற் கரையிலுள்ள சோச்சி என்னும் ஓய்வு நகரில் ஒரு குழுப்படம் எடுக்கப்பட்டது. மனிதன் முதன்முதலாக விண்வெளியை எட்டி ஒரு மாதமளவே கழிந்திருந்த காலம் அது. அப்படத்திலே யூரி ககாரின் இருக்கிறார். அவரை விண்ணுக்கு அனுப்பிய பெரும் பொறியியலறிஞர் செர்கேய் கொரொலியோவ் இருக்கிறார். அடுத்தடுத்துப் பறப்பதற்குக் காத்திருந்த இளம் விமானிகளும் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் கிரிகோரி நெல்யூபொவ். ககாரினுக்கு இடையூறு நேர்ந்தால் அவ்விடத்துக்குத் தித்தோவ். தித்தோவுக்கும் நேர்ந்தால் நெல்யூபொவ் என்று ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. அத்துணை முன்வரிசையில் நின்ற மனிதர் அவர்.

பிற்காலத்திற் சோவியத் வெளியீடுகளில் இதே படம் மீண்டும் அச்சாயிற்று. ககாரின் இருந்தார், கொரொலியோவ் இருந்தார், நெல்யூபொவைக் காணவில்லை. அவர் நின்ற இடம் தூரிகையாற் பூசி நிரப்பப்பட்டிருந்தது.

நெல்யூபொவ் செய்த குற்றம் யாது? தேசத்துரோகமன்று. 1963இல் ஒரு புகையிரத நிலையத்தில், மதுமயக்கத்தில் இராணுவக் காவலருடன் சச்சரவிட்டார். அதன் காரணமாக அவரும் வேறிரு வீரர்களும் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். தூரகிழக்கில் விமானப்படைச் சேவைக்கு அனுப்பப்பட்ட அவர், 1966 பெப்ரவரியிற் புகையிரதத்தில் மோதுண்டு இறந்தார். உயிரோடிருந்தபோது அணியிலிருந்து நீக்கியவர்கள், இறந்தபின் படத்திலிருந்தும் நீக்கினர்.

இம்மறைப்பு எவ்வாறு வெளிவந்தது என்பதே நாம் சிந்திக்க வேண்டிய விடயம். இரகசியப் பத்திரம் எதுவும் அதனை வெளிக்கொணரவில்லை. ஒரே படத்தின் இரு வடிவங்களைப் பொறுமையோடு சேகரித்து வைத்திருந்த ஆராய்ச்சியாளர்கள், அவற்றை அருகருகே வைத்து நோக்கினர். அமெரிக்கரான ஜேம்ஸ் ஓபேர்க் 1981இல் வெளியான தமது நூலிலே இவ்வேறுபாட்டை உலகுக்குக் காட்டினார். ஐந்தாண்டுகளின் பின், 1986இல், சோவியத் எழுத்தாளர் யாரொஸ்லாவ் கொலொவானொவ் ‘இஸ்வெஸ்தியா’ பத்திரிகையில் உண்மையை எழுதினார். பயிற்சியின்போது ஒட்சிசன் நிறைந்த அறையில் மூண்ட தீயினால் 1961 மார்ச் 23ஆம் நாள் மாண்ட வலந்தீன் பொந்தரேன்கோ என்னும் இருபத்துநான்கு வயது வீரனின் பெயரும் அப்போதுதான் சொந்த நாட்டு மக்களுக்குத் தெரியவந்தது. ககாரின் பறப்பதற்கு இருபது நாட்களின் முன் இறந்தவனுக்கு அஞ்சலி செலுத்த, அவனுடைய நாட்டு மக்கள் இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பழைய புகைப்படங்களைத் தேடிச் சேர்ப்பவர்களைப் பார்த்துப் பலர் நகைப்பதுண்டு. தபால் முத்திரை சேர்ப்பதைப் போல, நாணயம் சேர்ப்பதைப் போல, ஓய்வுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று அதனை ஒதுக்கிவிடுவர். விண்வெளி யுகத்தின் தொடக்ககாலப் படங்களைப் பொறுத்தவரை இக்கருத்துப் பொருந்தாது. அக்காலத்து மூலப்பிரதி ஒன்று, பின்னர் வந்த எந்த அதிகாரியின் கையும் தீண்டாத சாட்சி. அச்சாட்சியைக் காப்பவன் வரலாற்றையே காக்கின்றான்.

தொடக்கமும் அதன் கறையும்

விண்வெளியிலிருந்து பூமியைக் காட்டிய முதற் படம் மனிதன் எடுத்ததன்று. 1946 ஒக்டோபர் 24ஆம் நாள், அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோப் பாலைவனத்திலுள்ள வைற் சான்ட்ஸ் தளத்திலிருந்து ஏவப்பட்ட ஒரு ரொக்கெற்றில் 35 மில்லிமீற்றர்ச் சலனப்படக் கமரா ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அது ஏறத்தாழ 105 கிலோமீற்றர் உயரம் சென்று கீழே விழுந்தது. கமரா நொறுங்கிற்று, உருக்குப் பேழைக்குள் இருந்த படச்சுருள் மட்டும் தப்பிற்று. கருமையான வானின் கீழே வளைந்து செல்லும் பூமியின் விளிம்பும் முகிற் கூட்டமும் அதிற் பதிந்திருந்தன.

அந்த ரொக்கெற் எங்கிருந்து வந்தது? அது நாசி ஜேர்மனியின் வி-2 ஏவுகணை. போர் முடிவில் அமெரிக்கர் கைப்பற்றிக் கொண்டுவந்த பாகங்களிலிருந்து அது உருவாயிற்று. மித்தல்பௌ-டோரா வதைமுகாமின் கைதிகள் மலைச்சுரங்கங்களுள் அடிமைகளாக நின்று இவ்வேவுகணைகளைச் செய்தனர். அம்முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 60,000 பேரிற் சுமார் 20,000 பேர் பசியாலும் நோயாலும் சவுக்கடியாலும் தூக்குக் கயிற்றாலும் மாண்டனர். ஏவுகணை தாக்கி இறந்தோரிலும் அதனைச் செய்தபோது இறந்தோரே அதிகம். பூமியின் வளைவை மனித குலத்துக்கு முதன்முதலாகக் காட்டிய அப்படத்தின் பின்புறத்தில் இவ்வரலாறு எழுதப்படவில்லை. ஆயினும் அதனைக் கையிலெடுப்பவன் நினைக்க வேண்டியது இதனையே.

மனிதன் தன் கையாற் கமராவைப் பிடித்து விண்வெளியிலிருந்து பூமியைப் படம்பிடித்தது 1961 ஓகஸ்ட் மாதத்தில். வொஸ்தொக்-2 கலத்தில் ஒரு நாளுக்கு மேலாகப் பூமியைச் சுற்றிய கேர்மன் தித்தோவ் அதனைச் செய்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. இருபத்தாறு நிறைவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ககாரின் தமது 108 நிமிடப் பயணத்தில் தாம் கண்டவற்றைச் சொல்லாற் பதிந்தார்; தித்தோவ் அவற்றைப் படச்சுருளிற் பதிந்தார்.

1962 பெப்ரவரி 20ஆம் நாள் பூமியை மும்முறை சுற்றிய அமெரிக்கர் ஜோன் கிளென் கொண்டுசென்ற கமராவின் கதை சுவையானது. கோடிக்கணக்கான டொலரை விழுங்கிய அத்திட்டத்திற் படம்பிடித்தலுக்கு முக்கியத்துவம் கொடுக்கப்படவில்லை. புளோரிடாவின் கோக்கோ பீச் நகரத்து மருந்துக் கடையொன்றிற் சுமார் 40 டொலருக்கு வாங்கப்பட்ட சாதாரண அன்ஸ்கோ கமராவே கிளெனோடு விண்ணேறிற்று. தடித்த கையுறையோடு இயக்கத்தக்கதாக அதனைத் தலைகீழாகத் திருப்பிக் கைப்பிடி ஒன்றும் பொருத்தினர். அதே ஆண்டு ஒக்டோபரிற் பறந்த வோல்ட்டர் ஷீரா, ஹூஸ்ரன் நகரக் கடையொன்றில் வாங்கிய சுவீடன் நாட்டு ஹசல்பிளாட் கமராவைக் கொண்டுசென்றார். அதன் பின்னரே படத்தின் வலிமையை அதிகாரிகள் உணர்ந்தனர்.

1965 மார்ச் 18ஆம் நாள் அலெக்சேய் லியோனொவ் கலத்தை விட்டு வெளியேறி, வெறுவெளியில் மிதந்த முதல் மனிதரானார். அவருடைய மார்பிலும் கமரா ஒன்று இருந்தது. வெற்றிடத்தில் அவருடைய உடை ஊதிப் பருத்தமையால், அதனை இயக்கும் விசையை அவருடைய கை எட்டவில்லை. உடையிலிருந்த காற்றிற் சிறிதை வெளியேற்றியே அவர் உயிரோடு உள்ளே திரும்பினார். ஓவியருமான லியோனொவ், தாம் கொண்டுசென்ற வண்ணப் பென்சில்களாற் சூரியோதயத்தைக் காகிதத்தில் வரைந்தார். இயந்திரத்தால் இயலாததைக் கை செய்தது. அவ்வாண்டு யூன் 3ஆம் நாள் அமெரிக்கர் எட்வேட் வைற் வெளியே மிதந்தபோது, அவருடைய தோழர் ஜேம்ஸ் மக்டிவிற் கலத்தினுள்ளிருந்து எடுத்த வண்ணப்படங்கள் உலகப் பத்திரிகைகளை நிறைத்தன. வைற்றோ ஒன்றரை ஆண்டுகளின் பின், 1967 ஜனவரி 27ஆம் நாள், அப்பலோ கலமொன்றின் தரைப் பரிசோதனையின்போது மூண்ட தீயில் இரு தோழர்களுடன் கருகி இறந்தார். பொந்தரேன்கோவைக் கொன்றதும் வைற்றைக் கொன்றதும் ஒட்சிசன் நிறைந்த அடைப்பினுள் மூண்ட ஒரே வகைத் தீ. முதல் மரணத்தை உலகம் அப்பொழுதே அறிந்திருந்தால் இரண்டாவது நேர்ந்திராது என்று அறுதியிட்டுச் சொல்ல எவராலும் இயலாது. ஆனால் மறைப்பு எவரையும் காப்பாற்றவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

மூலப்பிரதி என்பது யாது?

அப்படங்கள் மக்களை அடைந்த வழி இது. விண்வெளியிலிருந்து மீண்ட படச்சுருளைத் துலக்கி, அதிலிருந்து நகற் சுருள்கள் செய்வர். அந்நகல்களிலிருந்து காகிதப் பிரதிகள் எடுக்கப்பட்டுப் பத்திரிகைகளுக்கும் விஞ்ஞானிகளுக்கும் தூதரகங்களுக்கும் அனுப்பப்பட்டன. மூலச் சுருள்கள் வெளியே விடப்படவில்லை. அப்பலோப் பயணங்களின் மூலச் சுருள்கள் ஹூஸ்ரனிலுள்ள நிலையத்தில் உறைகுளிர் அறையில் இன்றும் காக்கப்படுகின்றன. ஆகவே, நிகழ்ச்சி நடந்த காலத்தில் எடுக்கப்பட்ட அக்காகிதப் பிரதிகளையே சேகரிப்போர் தேடுகின்றனர்.

அமெரிக்கப் பிரதிகளை அறிவதற்குச் சில அடையாளங்கள் உண்டு. அவை பெரும்பாலும் 8 அங்குல அகலமும் 10 அங்குல நீளமும் கொண்டவை. வண்ணப் பிரதியாயின் வெண்மையான மேலோரத்திற் சிவப்பு நிறத்தில் வரிசை எண் அச்சிடப்பட்டிருக்கும். கறுப்புவெள்ளைப் பிரதியாயின் அவ்வெண் கறுப்பாக இருக்கும். பின்புறத்தில் ‘ஏ கொடக் பேப்பர்’ என்னும் சொற்கள் சாய்வாகத் திரும்பத்திரும்ப மங்கலாகத் தோன்றும். ஊதா மையில் உருட்டி அச்சிட்ட விளக்கக் குறிப்பொன்றும் பலவற்றில் உண்டு. சோவியத் பிரதிகளின் பின்புறத்தில் ‘தாஸ்’, ‘நோவஸ்தி’ ஆகிய செய்தி நிறுவனங்களின் முத்திரைகள் காணப்படும்.

பத்திரிகை அலுவலகங்களிலிருந்து வந்த பிரதிகள் தனிச் சிறப்புடையவை. ஆசிரியர் எவ்வளவு வெட்டவேண்டுமென்று மெழுகுப் பென்சிலால் இட்ட கோடு அதில் இருக்கும். ஓவியர் வெள்ளை மையால் விளிம்பைத் தெளிவாக்கிய தடம் இருக்கும். வெளியான நாளின் முத்திரை பின்னாலிருக்கும். அழகை மட்டும் நாடுபவன் இவற்றை மாசென்று கருதுவான். வரலாற்றை நாடுபவனுக்கு இவையே பொருள். ஒரு காலத்தின் மக்களுக்கு எது காட்டப்பட்டது, எது வெட்டி எறியப்பட்டது என்பதை அக்கோடுகளே சொல்கின்றன.

இப்பிரதிகள் அழியும் தன்மையன. வண்ணக் காகிதத்திலுள்ள நீலச் சாயம் மங்குந்தோறும் படம் செம்மையேறிப் போகும். ஈரக் காற்றும் வெப்பமும் பூஞ்சணத்தை வளர்க்கும். மலிவான பிளாஸ்ரிக் உறைகள் காலப்போக்கிற் படத்தோடு ஒட்டி அதன் மேற்பரப்பைக் கெடுக்கும். எங்கள் நாட்டைப் போன்ற வெப்பவலய நாடுகளில் இவ்வழிவு இன்னும் விரைவானது. இருளும் உலர்ச்சியும் குளிர்ச்சியும் அமிலமற்ற காகித உறையுமே இவற்றுக்கு மருந்து.

தெரிவும் திருத்தமும்

சோவியத் அரசு தூரிகையால் மனிதரை அழித்ததென்பதைக் கூறுமிடத்து, மறுபக்கத்தில் எல்லாம் வெளிப்படையாக நடந்தன என்று எவரும் மயங்கலாகாது. அங்கே நடந்தது பெரும்பாலும் அழிப்பன்று, தெரிவு, ஓரளவிற்குத் திருத்தம்.

1969 யூலையிற் சந்திரனில் எடுத்த படங்களுள் உலகறிந்தது, வெள்ளுடையணிந்து நேரே நிற்கும் விண்வெளிவீரனின் படம். அது ஆம்ஸ்ட்ரோங் என்றே இன்றும் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது பஸ் அல்ட்ரின். ஆம்ஸ்ட்ரோங்கின் கையிலேயே கமரா பெரும்பாலும் இருந்தமையால், சந்திரனிற் கால்வைத்த முதல் மனிதனின் நல்ல நிலைப்படம் ஒன்றுகூட வெளியிடப்பட்டவற்றுள் இல்லை. அல்ட்ரினின் முகக்கண்ணாடியிற் சிறு நிழலாக அவர் தெரிகின்றார். சுற்றுப்புறத்தைத் தொடர்வரிசையாக அல்ட்ரின் எடுத்த படங்களுள் ஒன்றில், கலத்தினருகே முதுகு காட்டி வேலை செய்துகொண்டிருப்பவர் ஆம்ஸ்ட்ரோங்கே என்பது பல ஆண்டுகளின் பின்னரே ஆராய்ச்சியாளர் கண்டறிந்த உண்மை. வெளியிடப்படாதனவற்றையும் தேடிச் சேர்த்து வரிசைப்படுத்தி நோக்கியவர்களின் உழைப்புக்குக் கிடைத்த பயன் அது. அல்ட்ரினின் புகழ்பெற்ற அப்படத்திலும் மூலச்சுருளில் அவருடைய தலைக்கு மேலே வெளி போதாதிருந்தது. பத்திரிகைகளுக்கு அனுப்புகையிற் கருவானத்தைச் சற்று நீட்டிச் சேர்த்தே அனுப்பினர். தீங்கற்ற திருத்தம்தான், ஆயினும் திருத்தம்.

1968 டிசம்பர் 24ஆம் நாள், சந்திரனைச் சுற்றிய அப்பலோ-8 கலத்திலிருந்து வில்லியம் அண்டர்ஸ் எடுத்த ‘பூமி உதயம்’ என்னும் படத்திலும் இதுவே நேர்ந்தது. அண்டர்ஸின் கண்ணுக்குச் சந்திரத்தரை பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கப் பூமி அதனருகே தோன்றிற்று. நாம் காண்பதோ சந்திரனைத் தரையாகவும் பூமியை அதன்மேல் உதிக்கும் கோளாகவும் திருப்பி வைத்த வடிவம். காலை எழுந்து கிழக்கு நோக்கும் பழக்கமுடைய மனிதனுக்கு ஏற்றவாறு வானம் திருப்பப்பட்டது. 1970இல் அமெரிக்காவில் முதன்முதலாகக் கொண்டாடப்பட்ட ‘பூமி தினம்’ போன்ற சூழற்காப்பு இயக்கங்களுக்கு அப்படம் ஒரு கொடியாயிற்று. சந்திரனைக் காணச் சென்றவர்கள் பூமியைக் கண்டுகொண்டு மீண்டனர்.

1972 டிசம்பர் 7ஆம் நாள் அப்பலோ-17 வீரர்கள் ஏறத்தாழ 29,000 கிலோமீற்றர் தொலைவிலிருந்து எடுத்த முழுப் பூமியின் படத்தை அறியாதவர் இல்லை. மூலச்சுருளில் தென்துருவம் மேலேயும் ஆபிரிக்கா தலைகீழாகவும் இருந்தன. வடக்கை மேலாகக் காணும் ஐரோப்பியப் பழக்கத்துக்கிணங்க அதனையும் திருப்பியே வெளியிட்டனர். விண்வெளியில் மேலுமில்லை, கீழுமில்லை. வடக்கு உயர்ந்தது, தெற்குத் தாழ்ந்தது என்பது பூமியிலே மனிதன் வகுத்த ஒழுங்கு.

இப்படத்திலே தமிழர்கள் கூர்ந்து நோக்கவேண்டிய ஓர் இடம் உண்டு. வலப்புற மேல்விளிம்பில், இந்து சமுத்திரத்துக்கப்பால், வெண்முகிற் சுழியொன்று தெரியும். அது அந்நாட்களிலே தமிழ்நாட்டைத் தாக்கிய புயல். படம் எடுக்கப்படுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாட்களின் முன் அது கடலூர்க் கரையை அடைந்து வெள்ளத்தையும் உயிர்ச்சேதத்தையும் விளைவித்திருந்தது. அமைதியே உருவான நீலக்கோளம் என்று உலகம் வியக்கும் அப்படத்தின் ஓரத்தில், கூரை பறிகொடுத்து நின்ற மீனவனின் துயர் ஒரு வெண்புள்ளியாக அடங்கியிருக்கின்றது. தொலைவிலிருந்து நோக்குபவனுக்குப் பூமி அழகியது. அதன்மேல் வாழ்பவனுக்கு அது போராட்டக்களம். இவ்விரு உண்மைகளையும் ஒரே காகிதம் தாங்கி நிற்கின்றது.

படத்தில் இல்லாதோர்

சேகரிப்போரின் பேழைகளைத் திறந்தால் வீரர்களின் முகங்களும் கலங்களும் சந்திரத்தரையும் நிறைந்திருக்கும். அப்பலோத் திட்டத்தில் உழைத்தவர்கள் ஏறத்தாழ 400,000 பேர். அவர்களிற் சந்திரனில் நடந்தவர்கள் பன்னிருவர். ஏனையோர் எங்கே?

சந்திரனில் நடந்தோரின் உடைகளைத் தைத்தவர்கள், அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்து டோவர் நகரில் வேலை செய்த பெண் தையற் தொழிலாளர்கள். பெண்களுக்கான உள்ளாடைகளை உற்பத்தி செய்த நிறுவனத்தின் கிளைத்தொழில் அது. ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய மெல்லிய படைகளை அவர்கள் தைத்தனர். மறந்துவிட்ட ஒரு குண்டூசி ஒரு மனிதனின் உயிரைப் பறித்துவிடும் என்பதை அறிந்தே தைத்தனர். கலத்தை வழிநடத்திய கணிப்பொறியின் நிரல்களோ, மசச்சூசெற்ஸ் மாநிலத்து வோல்தம் நகரில், மெல்லிய கம்பிகளைச் சின்னஞ்சிறு காந்த வளையங்களினூடே கோத்துக் கோத்துப் பெண் தொழிலாளர்களால் நெய்யப்பட்டன. நெசவாலைகளிலிருந்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். சந்திரனுக்கான வழி, சொல்லளவிலன்றிப் பொருளளவிலேயே நெய்யப்பட்ட வழி.

நாசாவின் முன்னோடியான நிறுவனத்தின் லாங்லி ஆய்வுகூடத்திற் கறுப்பினப் பெண் கணித அறிஞர்கள் நெடுங்காலம் தனிப்பிரிவில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர். 1958இல் நாசா தோன்றியபோதே அவ்வொதுக்கல் முறை கலைக்கப்பட்டது. கிளெனின் பாதையைப் பொறி கணித்திருந்தும், அதனைக் கையாற் சரிபார்த்தவர் கதரின் ஜோன்சன் என்னும் அவ்வறிஞர்களுள் ஒருவர். கிளெனின் படங்கள் 1962இலேயே வீடுதோறும் சென்றன. ஜோன்சனின் முகம் மக்களிடையே பரவ அரை நூற்றாண்டு சென்றது.

சோவியத் பக்கத்தில் இந்நிலை சற்று வேறு. 1963 யூன் 16ஆம் நாள் விண்ணேறிய முதற் பெண் வலந்தீனா தெரெஷ்கோவா யாரொஸ்லாவல் நகரத்து நெசவாலைத் தொழிலாளி. தொழிலாளியின் மகள் விண்ணேறுவதைக் காட்டுவதில் அந்நாடு பெருமை கொண்டது, அப்பெருமை நியாயமானதே. எனினும் அத்திட்டத்தின் மூளையாக விளங்கிய கொரொலியோவின் பெயர், அவர் 1966 ஜனவரியில் இறக்கும்வரை மக்களுக்கு மறைக்கப்பட்டிருந்தது. ஸ்ராலின் காலத்திற் சிறையிலும் கொலிமாவின் தங்கச் சுரங்க முகாமிலும் வதைபட்டவர் அவர். அவ்வடுக்களோடு நின்று மனிதனை விண்ணுக்கேற்றியவரின் முகம் அவர் வாழ்ந்தபோது எந்தப் பத்திரிகையிலும் அவருடைய பணியோடு சேர்த்து வெளிவரவில்லை.

இன்னுமொரு படத்தை நினைவுகூரவேண்டும். 1969 யூலை 15ஆம் நாள், அப்பலோ-11 புறப்படுவதற்கு முந்திய தினம், கறுப்பின மக்களின் தலைவர் றால்ஃப் அபர்நதி, வறிய குடும்பங்களுடனும் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியுடனும் ஏவுதளத்தின் வாயிலுக்கு வந்தார். சந்திரனுக்குச் செல்லப் பணமுள்ள நாட்டிலே குழந்தைகள் பசித்திருப்பது ஏன் என்பதே அவர்கள் எழுப்பிய வினா. நாசாவின் தலைவர் தோமஸ் பெயின் வெளியே வந்து அவர்களைச் சந்தித்தார். அச்சந்திப்பின் படங்களும் உள்ளன. சந்திரனின் படத்துக்குப் போட்டியிடும் செல்வர்கள் அவற்றை நாடுவதில்லை. கழுதை வண்டியையும் ரொக்கெற்றையும் ஒருங்கே வைத்துப் பாராதவன் அந்நூற்றாண்டைப் பார்த்தவனாகான்.

பொதுச் சொத்தும் தனிச் சொத்தும்

மக்களின் வரிப்பணத்தில் எடுக்கப்பட்டவை ஆதலால் நாசாவின் படங்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை இல்லை. அவை அனைவருக்கும் உரியவை. அப்பலோ வீரர்கள் எடுத்த படங்களை உயர்தரத்தில் யாரும் இலவசமாகப் பெறக்கூடிய நிலை இன்று உண்டு. ஆயினும் அதே படத்தின் அறுபதாண்டுப் பழைய காகிதப் பிரதி ஏலத்தில் ஆயிரக்கணக்கான டொலருக்கு விலைபோகின்றது. அன்று நிருபர்களுக்கும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் இலவசமாக வழங்கப்பட்ட காகிதம் அது. 2020இல் லண்டனைச் சேர்ந்த கிறிஸ்ரீஸ் ஏல நிறுவனம் தனியார் சேகரிப்பொன்றிலிருந்த ஈராயிரத்துக்கு மேற்பட்ட இத்தகைய பிரதிகளை விற்பனைக்கு வைத்தது. உருவம் எல்லோருக்கும் பொது. காகிதம் ஒருவனுக்கே சொந்தம். பயன்மதிப்பு மாறாதிருக்க மாற்றுமதிப்பு வானேறும் விந்தைக்கு இதனிலும் சிறந்த உதாரணம் கிடைத்தலரிது.

வணிகனைப் பழிப்பது எளிது. அரசின் நிலை என்ன? அப்பலோ-11 வீரர்கள் சந்திரனிலிருந்து அனுப்பிய மூல ஒளிக்காட்சி பதிந்த காந்த நாடாக்களைத் தேடிய நாசா, அவை அழிக்கப்பட்டு வேறு பணிகளுக்குத் திரும்பவும் பயன்படுத்தப்பட்டுவிட்டன என்ற முடிவுக்கு 2009இல் வந்தது. நாடாத் தட்டுப்பாடு அதற்குக் காரணம். 1976இல் அரசாங்கம் வேண்டாமென்று விற்ற நாடாக்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை ஒரு மாணவர் 217 டொலர் 77 சதத்துக்கு வாங்கினார். அவற்றுள் மூன்று சந்திரநடையின் ஒளிபரப்பைத் தாங்கியவை. 2019 யூலை 20ஆம் நாள் அம்மூன்றும் சதபீஸ் ஏலத்தில் 18 இலட்சத்து 20 ஆயிரம் டொலருக்கு விலைபோயின. அரசு குப்பையென எறிந்ததை ஒரு தனிமனிதனின் ஆர்வம் காத்தது.

இதனிலும் உயர்ந்த உதாரணம் ஒன்றுண்டு. 1966, 1967ஆம் ஆண்டுகளில் ஆளில்லா லூனர் ஓர்பிற்றர் கலங்கள் ஐந்து, மனிதன் இறங்கத்தக்க இடந்தேடிச் சந்திரனைப் படம்பிடித்தன. சந்திரனருகிலிருந்து பூமியைக் காட்டிய முதற் படமும் 1966 ஓகஸ்ட் 23ஆம் நாள் அவற்றுள் ஒன்றினால் எடுக்கப்பட்டதே. அப்படங்களைத் தாங்கிய நாடாக்களை அழிக்க அதிகாரிகள் எண்ணியபோது, நான்சி எவன்ஸ் என்னும் நாசா ஆவணக்காப்பாளர் இணங்கவில்லை. அவற்றைப் படிக்கவல்ல பழைய பொறிகளைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே பல்லாண்டுகள் வைத்துக் காத்தார். அவருடைய விடாப்பிடியின் பயனாக, 2008ஆம் ஆண்டு தொட்டுக் கலிபோர்ணியாவிற் கைவிடப்பட்ட ஓர் உணவுக்கடைக் கட்டடத்தினுள் ஒரு சிறு குழு அப்பொறிகளைச் சீர்செய்து படங்களை மீட்டது. 1966இற் கண்டதிலும் பன்மடங்கு தெளிவோடு பூமி அதில் எழுந்தது. அப்பெண்மணி விலைக்காகக் காக்கவில்லை, கடமைக்காகக் காத்தார்.

சேகரிப்பு இருவகைப்படும் என்பது இதனாற் பெறப்படும். ஒன்று பொருளைப் பூட்டிவைத்து விலை உயரக் காத்திருப்பது. மற்றது அழியவிருப்பதை மீட்டு மக்கள் முன் வைப்பது. முன்னது வணிகம், பின்னது பண்பாட்டுப் பணி.

எங்கள் பங்கு

1961 டிசம்பரில் ககாரின் இலங்கைக்கும் வந்தார். தச்சனின் மகனாகப் பிறந்து, வார்ப்புத் தொழில் பயின்று, விண்ணை முதலில் எட்டிய அந்த இருபத்தேழு வயது இளைஞரைக் காண மக்கள் திரண்டனர். அந்நாளைய பத்திரிகைகள் அவரைப் படம்பிடித்தன. ‘சோவியத் நாடு’ போன்ற இதழ்கள் விண்வெளிப் படங்களைத் தமிழ் மக்களின் கைக்குக் கொண்டுவந்தன. அமெரிக்கத் தகவற் பகுதியினரும் தம் பங்குக்குப் படங்களை வழங்கினர். இரு வல்லரசுகளும் எங்கள் மனங்களை வெல்லப் போட்டியிட்ட காலமது. பிரசாரத்துக்காக வந்தவையாயினும் அவை இன்று வரலாற்று மூலங்கள். எந்தப் படம் எங்களுக்குக் காட்டப்பட்டது, அதன்கீழ்த் தமிழில் என்ன எழுதப்பட்டது என்பன எங்கள் வரலாற்றின் பகுதிகள்.

ஆவணத்தின் அருமையை எங்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981 யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அதே நாட்களில் ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் தீக்கிரையாயிற்று. எழுத்தோடு படமும் போயிற்று. அதன்பின் வந்த போரும் இடப்பெயர்வும் வீடுகளிலிருந்த பெட்டிகளையும் விட்டுவைக்கவில்லை. தூரிகை ஒரு மனிதனைப் படத்திலிருந்து நீக்கும்; தீயோ படத்தோடு ஊரையே நீக்கும்.

எனவே, எஞ்சியவற்றைக் காத்தல் இன்றைய தேவை. பழைய இதழ்க் கட்டுகள், பத்திரிகை அலுவலகங்களின் படப் பேழைகள், பாடசாலை நூலகத்தின் மூலையிற் கிடக்கும் கண்காட்சிப் படங்கள் ஆகியவற்றை எடைக்கு விற்குமுன் ஒருமுறை திருப்பிப் பார்க்கவேண்டும். பின்புறத்தில் எழுதப்பட்டிருப்பதைப் படத்தைப் போலவே பேணவேண்டும். பிரதி செய்து பொதுநூலகங்களுக்கு அளிக்கவேண்டும். பெயர் தெரியாத முகங்களுக்கு, அவற்றை அறிந்தவர்கள் வாழும்போதே பெயரெழுதி வைக்கவேண்டும்.

படத்தை விரும்பியவாறு மாற்றியமைக்கும் வல்லமை அக்காலத்தில் அரசுகளிடமும் பத்திரிகை நிலையங்களிடமுமே பெரிதும் இருந்தது. இன்று கணிப்பொறி வைத்திருக்கும் எவனும் இல்லாத மனிதனைப் படத்தில் நிறுத்தலாம், இருந்தவனை நீக்கலாம். இக்காலத்தில், நாளும் மையும் முத்திரையும் தாங்கிய பழைய காகிதத்தின் பெறுமதி கூடுமேயன்றிக் குறையாது. நெல்யூபொவ் சந்திரனுக்குச் செல்லவில்லை, பூமியைச் சுற்றவுமில்லை. ஆயினும் அவர் அன்று அவ்வரிசையில் நின்றார். அதனை நாம் அறிவதற்குக் காரணம், திருத்தப்படாத பிரதியொன்றை எவரோ ஒருவர் எறியாமல் வைத்திருந்தமையே.